மா, ஆம்: சேலத்து மாம்பழப் பெட்டியில் எதை எழுதுவது?

‘மா’ திராவிட வேர். மலையாளத்தில் மாங்ங, தெலுங்கில் மாமிடி. போர்த்துகீசியர் கேரளக் கரையில் கேட்டதைத்தான் ‘மாங்கா’ என்றார்கள். ஆங்கில மேங்கோ அந்த வழி வந்தது. மலாய் ‘மங்கா’வும் நம்ம மாங்காய்தான். கன்னடத்தில் கவனம்: அங்கே ‘மாவு’ என்றாலே மாங்காய் மா. சேலம் லாரி ஷெட்டில் அப்படி எழுதினால் பெட்டி மைதா மூட்டையோடு போய்ச் சேரும்.

‘ஆம்’ சமஸ்கிருத ஆம்ரத்தின் தேய்வு. இந்தி, வங்காளத்தில் ஆம்; மராத்தியில் ஆம்பா. ஈராக்கில் ‘அம்பா’ என்றால் மாங்காய் ஊறுகாய்.

வடக்கே போகும் லோடுக்கு ‘ஆம்’தான் சரி. ஆனால் அது மட்டும் போதாது, ரகமும் வேண்டும். நம்ம பெங்களூரா அங்கே தோதாபுரி. தோதா என்றால் கிளி. நாம் கிளிமூக்கு என்பதும் அதே வளைந்த நுனியைப் பார்த்துத்தான். மல்கோவாவை அப்படியே எழுதலாம்.