நடைக்கு எந்தப் பாட்காஸ்ட்? பொது வானொலிகளிலிருந்து ஒரு தேர்வு

வீட்டில் உட்கார்ந்து கேட்டால் அசத்தும் நிகழ்ச்சி, சாலையில் இறங்கியதும் சொதப்பிவிடுவது உண்டு. நடப்பவர் காதில் பாதி நிகழ்ச்சி, மீதி வண்டி இரைச்சல். நாலு வாக்கியம் தவறினாலும் மறுபடி பிடி கிடைக்கிறதா என்பதுதான் இங்கே முதல் பரீட்சை.

அதில் முதலிடம் 'எ ஹிஸ்டரி ஆஃப் தி வேர்ல்ட் இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்' தொடருக்கு. பிபிசி ரேடியோ 4, பிரிட்டிஷ் மியூசியத்தோடு சேர்ந்து 2010இல் ஒலிபரப்பியது. அப்போது மியூசியத்தின் இயக்குநராக இருந்த நீல் மெக்ரெகர், எபிசோடுக்கு ஒரு பொருள் என்று எடுத்துப் பேசுகிறார். எகிப்திய மம்மியில் தொடங்கி, சூரிய சக்தி விளக்கில் முடியும். வரிசையாகக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. 13ஆவதான சிந்துவெளி முத்திரையில் தொடங்கினாலும் ஒன்றும் குறையாது. ஒவ்வொன்றும் சுமார் 14 நிமிடம். நிமிடத்துக்கு நூறு அடி வைத்தால் ஒரு எபிசோடுக்கு 1,400 அடி. போக ஒன்று, வர ஒன்று என்று வைத்துக்கொண்டால் கடிகாரமே பார்க்க வேண்டாம்.

கடைக்குப் போய்வரும் அளவு நடைக்கு, பிபிசி வேர்ல்ட் சர்வீஸில் டிம் ஹார்ஃபோர்ட் வழங்கிய '50 திங்ஸ் தட் மேட் தி மாடர்ன் எகானமி' போதும். முள்வேலி, கப்பல் கன்டெய்னர், பார்கோடு என்று ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பொருள். அவருடைய 'மோர் ஆர் லெஸ்' செய்திகளில் வரும் புள்ளிவிவரங்களைத் தோண்டித் துருவும் நிகழ்ச்சி. ஆனால் நடந்துகொண்டே எண்களைப் பிடித்துவைப்பது சிரமம்; அரை மணி நேரப் பதிப்பை விட்டுவிட்டு வேர்ல்ட் சர்வீஸின் குறும்பதிப்பை எடுங்கள்.

அரை மணி நேரத்துக்கு அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் தரும் 'பிளானட் மணி'. 2008இல் தொடங்கிய பொருளாதார நிகழ்ச்சி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், பெரும்பாலும் இரண்டு பேர் அரட்டையாகவே போகும். 2013இல் இவர்களே ஒரு டி-சர்ட் தயாரித்து, மிசிசிப்பி பருத்தியிலிருந்து இந்தோனேசிய நூல், வங்கதேசத் தையல் வரை அதன் பின்னாலேயே போனார்கள். புதிதாகக் கேட்பவர் அங்கே தொடங்கலாம்.

நீண்ட நடைக்கு ரேடியோ 4இன் 'இன் அவர் டைம்'. 1998இலிருந்து 2025 வரை மெல்வின் பிராக் நடத்தியது. ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், இசை கிடையாது, வளவளப்பும் கிடையாது. ஒரே சிக்கல், முதல் ஐந்து நிமிடத்தில் போடும் அடித்தளம். அந்த நேரத்தில் நீங்கள் சிக்னலைக் கடந்துகொண்டிருந்தால், பிறகு யார் எந்த நூற்றாண்டைப் பேசுகிறார் என்றே புரியாது. பூங்காவுக்குள் நுழைந்த பிறகு பிளே அழுத்துங்கள். முடிந்தது என்று நிறுத்தியும் விடாதீர்கள். பாட்காஸ்டில் கடைசிச் சில நிமிடங்கள் கூடுதல்: எதைச் சொல்லாமல் விட்டோம் என்று பேராசிரியர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, தயாரிப்பாளர் வந்து டீயா காபியா என்று கேட்பார். அதற்காகவே இன்னொரு சுற்று நடக்கலாம்.

'ரேடியோலேப்' ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் அதைச் சாலைக்குச் சிபாரிசு செய்ய முடியாது. நியூயார்க்கின் டபிள்யூஎன்ஒய்சி வானொலி தயாரிக்கும் அறிவியல் நிகழ்ச்சி. ஒலியைச் செதுக்கிச் செதுக்கிச் செய்வார்கள். 2012இன் 'கலர்ஸ்' எபிசோடில், எந்த உயிரினத்துக்கு எவ்வளவு நிறம் தெரியும் என்பதை ஒரு பாடகர் குழுவை வைத்தே காட்டுகிறார்கள். நாய்க்குச் சில குரல்கள், மனிதனுக்கு இன்னும் சில, மான்டிஸ் ஷ்ரிம்ப் என்ற கடல் உயிரினம் வரும்போது குரல்கள் பொங்கி எழும். பக்கத்தில் ஒரு பஸ் போனால் அந்த வித்தியாசம் மொத்தமும் போச்சு. அதிகாலையில் ஆளில்லாத பாதை என்றால் தாராளமாகக் கேளுங்கள். சிகாகோவில் தொடங்கிய, கதை சொல்லும் நிகழ்ச்சியான 'திஸ் அமெரிக்கன் லைஃப்' ஒரு மணி நேரம் ஓடினாலும் பெரும்பாலும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். நடுவில் நிறுத்தினால் பாதகமில்லை.

இனி செட்டிங்ஸ். பாதுகாப்புக்காக ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுவீர்களானால், போனின் அக்சஸிபிலிட்டி பகுதியில் மோனோ ஆடியோவை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் மற்றக் காதுக்கான ஒலி உங்களுக்கு வராமலே போகலாம். மௌனங்களை வெட்டும் வசதி பேச்சு நிகழ்ச்சிக்குச் சரி, 'ரேடியோலேப்' போன்றவற்றில் அது தாளத்தையே கெடுக்கும். வேகம் 1.2க்கு மேல் வேண்டாம். வைஃபையில் முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிடுங்கள். விளம்பரங்கள் ஒவ்வொரு டவுன்லோடிலும் மாறிச் செருகப்படுவதால், வேறு கருவியில் தொடர்ந்தால் விட்ட இடம் அரை நிமிடம், ஒரு நிமிடம் தள்ளி நிற்கும். 30 விநாடி பின்னால் போனால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பையில் போடும் முன் திரையைப் பூட்டாவிட்டால், வியர்வை பட்ட துணியே பட்டனை அழுத்தி வேறு எபிசோடுக்குத் தாவிவிடும்.

குறித்த நேரத்தில் ஒலியை நிறுத்தும் ஸ்லீப் டைமர் தூங்குவதற்கு மட்டுமல்ல. ஒரு மணி நேர நடைக்கு அதை 30 நிமிடத்தில் வையுங்கள். பேச்சு நின்ற இடத்தில் திரும்பி, மறுபடி பிளே அழுத்தலாம்.