எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி: ஒரு அப்பாவின் மதிப்பீடு

மூத்தவளைப் பதினொன்றாம் வகுப்பில்தான் தனியார் பள்ளியிலிருந்து இங்கே மாற்றினோம். டிசி, மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல் கொடுத்ததும் அரை மணி நேரத்தில் சேர்க்கை முடிந்தது. நன்கொடைப் பேச்சே இல்லை. கணக்கு டீச்சர் அருமை; திருப்புதல் தேர்வுத் தாளில் பிழைக்குப் பக்கத்திலேயே சரியான படியைச் சிவப்பு மையில் எழுதித் தருகிறார். வேதியியலுக்குத்தான் ஆகஸ்ட் வரை ஆளில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, தோழி வெளியே காவல் நிற்க வேண்டும். இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. அரசின் இலவச சைக்கிள் வந்தது, செயின் மட்டும் மாற்றினோம்.

அப்புறம், எங்கள் தவறு ஒன்று. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் இரண்டுக்குமே ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (புதுமைப் பெண்ணுக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் சரி). எங்களுக்குத் தெரிந்தபோது அவள் பிளஸ் டூ. சின்னவளை இந்த ஜூனில் ஆறாம் வகுப்பிலேயே சேர்த்துவிட்டோம்.