ஸ்டாக்கும் ஹாஷ்செட்டும்: வாரிசாவதா, உள்ளே வைத்துக்கொள்வதா?

புரோகிராமில் ஒரு கிளாஸை (ஆப்ஜெக்டுகளுக்கான அச்சு) எழுதும்போது, இன்னொரு கிளாஸின் வாரிசாகி அதன் வேலைகளை அப்படியே பெறும் இன்ஹெரிட்டன்ஸா, அதை உள்ளே வைத்துக்கொண்டு வேலை வாங்கும் கம்போசிஷனா என்று கேட்பவர்களை நான் ஜாவா மொழியோடு வரும் யுடில் (java.util) பேக்கேஜுக்குத்தான் கூட்டிப்போவேன். இரண்டுக்கும் உதாரணம் அங்கேயே இருக்கிறது. 1996-ல் வந்த முதல் பதிப்பிலேயே இருந்த ஸ்டாக் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு), வெக்டரை (எந்த இடத்திலும் சேர்க்க, எடுக்க முடிகிற பட்டியல்) எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதாவது அதன் வாரிசாகிறது. 1998-ல் 1.2 பதிப்போடு வந்த ஹாஷ்செட் (ஒரே பொருளை இரண்டு முறை வைக்காத தொகுப்பு), தனக்குள் ஒரு ஹாஷ்மேப்பை (கீ ஒவ்வொன்றுக்கும் ஒரு வேல்யூ வைக்கும் அட்டவணை) வெளியே தெரியாமல் வைத்திருக்கிறது.

ஸ்டாக்கை எழுதியவருக்கு வேலை குறைவு. புஷ் (மேலே வைப்பது), பாப் (மேலிருந்து எடுப்பது), பீக், எம்ப்டி, சர்ச் என்று ஐந்தே மெத்தட். மிச்சமெல்லாம் வெக்டர் தந்தது. சிக்கலும் அங்கேதான். 1, 2, 3 என்று வரிசையாகப் புஷ் செய்யுங்கள். அப்புறம் ஆட் மெத்தடில் 0 என்ற இடத்தைச் சொல்லி 99 போட்டால், அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபார் லூப்பில் ஓட்டினால் 99, 1, 2, 3 என்று வரும், பாப் செய்யும் வரிசைக்கு நேர் எதிராக. கம்பைலர் வாயே திறக்காது. ஸ்டாக்கும் ஒரு வெக்டர்தான் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது; வெக்டருக்கு இதெல்லாம் நியாயமான வேலை. இனி அந்த உறவை அறுத்தால் பழைய புரோகிராம்கள் உடையும். அதனால்தான் ஜாவா ஆவணமே, ஸ்டாக்கை விட்டு டெக் (Deque, இரு முனையிலும் சேர்த்து எடுக்கும் வரிசை) இன்டர்ஃபேஸுக்குப் போகச் சொல்கிறது. அந்த இன்டர்ஃபேஸின்படி எழுதிய அர்ரேடெக் கிளாஸ் 2006 முதல் இருக்கிறது. நானும் அதைத்தான் எடுக்கிறேன்.

ஹாஷ்செட்டில் ஆட் செய்தால், நாம் கொடுத்த பொருள் மேப்பில் கீயாகப் போகிறது. வேல்யூ இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே டம்மி ஆப்ஜெக்ட். அவ்வளவுதான்! மேப்பின் புட், கெட் எதுவும் வெளியே தெரியாது. சேர்த்த வரிசை மாறாத செட் வேண்டுமா? லிங்க்ட்ஹாஷ்செட்டில் உள்ளே இருப்பது லிங்க்ட்ஹாஷ்மேப். மற்றபடி பெரிதாக எழுத எதுவுமில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அதற்காக இன்ஹெரிட்டன்ஸைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஹாஷ்செட்டே அப்ஸ்ட்ராக்ட்செட்டின் வாரிசுதான். அந்த கிளாஸ், வாரிசுகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டது. அப்படி எழுதப்படாத கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யும்போதுதான் காலை வாரும். ஹாஷ்செட்டுக்கே ஒரு வாரிசு எழுதி, எத்தனை முறை சேர்த்தோம் என்று எண்ண, ஆட், ஆட்ஆல் (பலவற்றை ஒரே முறையில் சேர்ப்பது) இரண்டையும் ஓவர்ரைடு செய்து, அதாவது நம் வசதிக்கு மாற்றி எழுதி, பாருங்கள். மூன்று பொருள்களை ஆட்ஆல் மூலம் சேர்த்தால் கணக்கு 6 காட்டும். ஆட்ஆல் உள்ளுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஆட்டையே கூப்பிடுகிறது. அது நம் ஆட் என்பதால் இரண்டு முறை எண்ணுகிறது. செட்டை உள்ளே வைத்து வெளியே ஒரு உறை எழுதினால் 3 என்று சரியாக வரும்.

கம்போசிஷனுக்கும் விலை உண்டு. செட் இன்டர்ஃபேஸின் ஒவ்வொரு மெத்தடையும் உள்ளிருக்கும் ஆப்ஜெக்டுக்குத் தள்ளிவிட ஒவ்வொரு வரி எழுத வேண்டும். ஜாவாவில் இது உண்மையிலேயே அலுப்பு தட்டும் வேலை. கோட்லின் மொழியில் பை (by) என்ற ஒரு சொல்லைப் போட்டால் கம்பைலரே அத்தனை வரிகளையும் எழுதிக்கொள்கிறது. கோ (Go) மொழியில் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது. ஒரு ஸ்ட்ரக்டை (பல தகவல்களைச் சேர்த்துக் கட்டிய அமைப்பு) இன்னொன்றுக்குள் பதித்தால் அதன் மெத்தடுகளை வெளியிலிருந்து நேராகவே கூப்பிடலாம்.