லியோனில் பழைய போஜொலே நூவோவை விலையேற்றி விற்கிறார்கள், கவனம்

லியோன் நகரின் பழைய பகுதியில், பரிசளிப்பதற்காக வைன் வாங்க எண்ணியிருக்கும் நம்மவர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும். என்னோடு பதினோரு ஆண்டுகள் வேலை செய்த பிரெஞ்சு நண்பர் சென்ற மாதம் ஓய்வுபெற்றபோது, ஆறு போத்தல்கள் அடங்கிய மரப்பெட்டி ஒன்றை 150 யூரோ கொடுத்து அங்குள்ள ஒரு கடையில் வாங்கினேன். வைன் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்பதைக் கடைக்காரரிடம் நானே சொன்னேன். "இது போஜொலே, நான்கு ஆண்டுப் பழையது, வைனுக்கு வயது ஏற ஏற மதிப்பும் ஏறும்" என்றார். போஜொலே என்பது லியோனுக்கு அருகே உள்ள ஒரு பகுதி; அங்கே செய்யும் வைனுக்கும் அதே பெயர். லேபிளின் மேற்பாதியை மறைத்துக் கடையின் பொன்னிறப் பட்டை ஒட்டப்பட்டிருந்தது. பரிசுக்கான அலங்காரம் என்று நினைத்து அதைப் பெரிதுபடுத்தவில்லை.

போஜொலேயைச் சற்றுக் குளிர்வித்து, 12 அல்லது 13 பாகையில் பரிமாறுவதே வழக்கம் என்பதால், நண்பரின் மனைவி போத்தலைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தி வைத்தார். கால்மணி நேரத்தில் ஈரத்தில் ஊறிய பட்டை தானாகக் கழன்றது. அதன் கீழே 'நூவோ' என்று அச்சிட்டிருந்தது. அறுவடை செய்த அதே ஆண்டில் விற்பனைக்கு வரும் இளம் வைனைத்தான் அப்படிச் சொல்வார்கள். நண்பர் எதுவும் பேசாமல் ஊற்றினார். ஊதா கலந்த சிவப்பாக இருக்க வேண்டிய வைன் செங்கல் நிறத்துக்கு மங்கியிருந்தது, பழவாசனை என்பதே இல்லை, நாக்கில் புளிப்பு மட்டுமே நின்றது. என் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவர் அதை முழுவதும் குடித்து முடித்ததை நினைக்கும்போது இப்போதும் வேதனையாக இருக்கிறது.

அது ஏன் அப்படி ஆனது என்பதை நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே அவர் விளக்கினார். அவருடைய தாய்வழிக் குடும்பத்தினர் வில்பிரான்ஷ் அருகே திராட்சை பயிரிட்டவர்கள். லியோனுக்கு வடக்கே உள்ள மலைச்சரிவுகளில் விளையும் 'காமே' என்னும் கருந்திராட்சையைக் கையால் பறித்து, நசுக்காமல், முழுக் குலைகளாகவே தொட்டியில் நிரப்புகிறார்கள். மேலிருக்கும் பாரத்தால் அடியிலுள்ள பழங்கள் நசுங்கி, அந்தச் சாறு ஈஸ்டினால் நொதிக்கத் தொடங்கும்போது எழும் கரியமில வாயு, மூடிய தொட்டியை நிறைத்துக் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. காற்றற்ற அந்நிலையில், நசுங்காத பழங்களின் உள்ளேயே, அவற்றின் சொந்த நொதிகளால் சர்க்கரையின் ஒரு சிறு பகுதி மதுசாரமாக மாறுகிறது. புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தின் கூர்மை குறைந்து, வாழைப்பழத்தையும் ஸ்ட்ரோபெரியையும் நினைவூட்டும் மணம் பிறக்கிறது. நூவோவுக்கு இந்த ஊறல் நான்கைந்து நாள்களே. அதற்குள் தோலின் நிறம் சாற்றில் இறங்கிவிடும், ஆனால் துவர்ப்பைத் தரும் டானின் அதிகம் இறங்காது. பிறகு பிழிந்து, நொதித்தலை முடித்து, நவம்பர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு விடுகிறார்கள். 1985 முதல் இந்த நாளே நடைமுறையில் உள்ளது.

ஒரு சிவப்பு வைன் ஆண்டுக்கணக்கில் தாங்குவதற்கு டானின் முக்கியமானது. அது குறைவாக உள்ள நூவோவைச் சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. போஜொலேயின் 'க்ரூ' எனப்படும் பத்து உயர்நிலைப் பிரிவுகளுள் மொர்கோன், மூலன்-ஆ-வான் போன்றவை நல்ல விளைச்சல் ஆண்டில் பத்தாண்டுகள்கூடத் தாங்கும். ஆனால் அந்தப் பத்தில் எதையும் நூவோ என்று விற்கச் சட்டத்தில் இடமில்லை. அவற்றுக்குரிய பெருமையை எடுத்து, விற்காமல் தேங்கிய நூவோவுக்கு அவர் சூட்டிவிட்டார்.

மறுநாள் பற்றுச்சீட்டோடும் திறக்காத ஐந்து போத்தல்களோடும் கடைக்குச் சென்றேன். ஒன்றின் பட்டையை அவர் கண்முன்னேயே உரித்துக் காட்டியபோது, "அது அலங்காரம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். பணம் கிடைக்கவில்லை.

நீங்கள் வாங்கும்போது லேபிளில் 'நூவோ' அல்லது அதே பொருளில் வரும் 'பிரிமர்' என்ற சொல் இருக்கிறதா, அறுவடை ஆண்டு எது என்று பாருங்கள். எதையாவது ஒட்டி மறைத்திருந்தால் பணம் கொடுக்கும் முன்பே உரித்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்க வேண்டாம். அரசின் சிக்னால் கோன்சோ தளத்தில் படங்களுடன் முறைப்பாடு பதிவுசெய்திருக்கிறேன். பட்டை உரியாத நான்கு போத்தல்களையும் பற்றுச்சீட்டையும், விசாரிப்பவர்கள் கேட்டால் காட்டுவதற்காக, அதே மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.