மல்டிகாஸ்ட் செட்டிங் என்று பில் போட்டால் குவரியரைக் காட்டச் சொல்லுங்கள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மணவறைக் கேமராப் படம் லேன் கேபிள் வழியாக ஆறு டிவிக்குப் போக வேண்டும். கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியின் விலைக்கு மேல் ‘மல்டிகாஸ்ட் செட்டிங்’ (ஒரே படத்தைக் கேட்கும் டிவிகளுக்கு மட்டும் ஒரே சமயத்தில் அனுப்பும் அமைப்பு) என்று தனிக் கூலியும் வாங்கினார்கள். ஒப்படைத்தபோது படம் நன்றாகத்தான் ஓடியது. நாலு நிமிடம் தாண்டியதும் ஆறிலும் உறைந்துவிட்டது. வந்தவர் கேபிளைக் குறை சொல்லி, புதுக் கேபிளுக்கும் காசு வாங்கிப் போனார்.

கேபிளில் கோளாறே இல்லை. சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் ஆன், குவரியர் ஆஃப், யாரும் கேட்டுப் பதிவாகாத மல்டிகாஸ்ட் ‘டிராப்’ (அனுப்பாமல் விடுவது). ஐஜிஎம்பி என்பது டிவிகள் படம் கேட்கும் முறை; ஸ்னூப்பிங் என்பது அதைச் சுவிட்ச் ஒட்டுக்கேட்பது மட்டும்தான். ‘இந்தப் படம் இன்னும் யாருக்கு வேண்டும்?’ என்று 125 விநாடிக்கு ஒரு முறை கேட்பது குவரியர். அது கேட்காவிட்டால் டிவிப் பெட்டிகள் பதில் அனுப்பாது. வழக்கமான கணக்கில் 260 விநாடியில் அந்த டிவியின் போர்ட் (கேபிள் மாட்டும் துளை), படம் போக வேண்டிய பட்டியலிலிருந்து போய்விடும். அந்த நாலு நிமிடம் இதுதான்.

அடுத்த முறை வந்து ஸ்னூப்பிங்கையே அணைத்தார்கள். அது இன்னும் மோசம். படம் எல்லாப் போர்ட்டிலும் கொட்டியது. வைஃபை ஆக்சஸ் பாயின்ட் மல்டிகாஸ்டைப் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பும். அதனால் மண்டபத்து வைஃபை முழுக்கப் படுத்துவிட்டது.

சரியான வேலை பத்து நிமிடம்கூட ஆகாது. டிவிகள் இருக்கும் அதே வீலானில் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) சுவிட்சுக்கு ஓர் ஐபி கொடுத்து, ஸ்னூப்பிங்கையும் குவரியரையும் ஆன் செய்ய வேண்டும். ஐபி இல்லாமல் 0.0.0.0 என்று போகும் கேள்வியைச் சில கருவிகள் மதிப்பதில்லை. டிவி விலகியதும் போர்ட்டில் படத்தை உடனே நிறுத்தும் ‘ஃபாஸ்ட் லீவ்’ ஒரே டிவி உள்ள போர்ட்டுக்கு மட்டும். பின்னால் சின்ன சுவிட்ச் வைத்து இரண்டு டிவி மாட்டியிருந்தால், ஒன்றை நிறுத்தும்போது மற்றதும் நிற்கும். படத்தின் குரூப் முகவரி (டிவிகள் அந்தப் படத்தைக் கேட்கும் எண்) 239.10.1.1 போல இருக்கட்டும். 239.0.0.x வேண்டாம்: அதன் மேக் முகவரி (சுவிட்ச் பார்க்கும் முகவரி), நெட்வொர்க்கின் சொந்த வேலைக்கான 224.0.0.x உடையதேதான், பல சுவிட்சுகள் அதை எல்லாப் போர்ட்டுக்கும் விட்டுவிடும்.

பணம் கொடுக்கும் முன் 15 நிமிடம் எல்லா டிவியையும் ஓட விடுங்கள். குரூப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காலக்கணக்கு குறைந்து குறைந்து, பூஜ்யத்தைத் தொடுமுன் மறுபடி ஏற வேண்டும். சும்மா இருக்கும் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டினால் படத்தின் பாரம் அதில் தெரியக் கூடாது.

பிறகு சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி மாட்டுங்கள். ‘சேவ்’ செய்யாமல் போயிருந்தால் செட்டிங் அங்கேயே அழிந்துவிடும். சாயங்கால இடிமழையில் கரண்ட் டிரிப் ஆகும் நாளில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அது தெரியவரக் கூடாது. அட்மின் பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிவிடுங்கள். இந்த மண்டபத்துக்கு அதைக்கூடத் தரவில்லை. ரீசெட் அடித்து முதலிலிருந்துதான் செய்ய வேண்டியிருந்தது.