காந்தி நகர் வாடகை நூலகத்தில் தீவுகளுக்கென ஓர் அலமாரி

காட்பாடி காந்தி நகரில், ஒரு வீட்டின் முன்னறையில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் நடக்கும் வாடகை நூலகத்தில் ஆறு மாதங்களாக உறுப்பினராக இருக்கிறேன். அங்குள்ள வார இதழ்களும் துப்பறியும் நாவல்களும் எங்கும் கிடைப்பவைதாம். நான் எழுத வந்தது சாளரத்தை ஒட்டி நிற்கும் ஒற்றை அலமாரியைப் பற்றி. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே உள்ள தீவுகளின் எழுத்தாளர்களை அகர வரிசையில் வைக்காமல், கதை, கவிதை என்றும் பிரிக்காமல், புங்குடுதீவு, நெடுந்தீவு, வேலணை எனப் பிறந்த தீவின் பெயராலேயே தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிறார்கள்.

முதலில் இது நூலகரின் விளையாட்டு என்றே எண்ணினேன். புங்குடுதீவுத் தட்டைப் படித்து முடித்த பிறகுதான் அதன் நியாயம் விளங்கியது. மு. தளையசிங்கம், அவருடைய தம்பி மு. பொன்னம்பலம், தளையசிங்கத்தைத் தம் குருவாகக் கொண்ட கவிஞர் சு. வில்வரத்தினம் ஆகிய மூவரையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, ஒருவர் தொடங்கிய விவாதத்தை மற்றவர் தொடர்வது காதில் விழுகிறது. வெவ்வேறு தட்டுகளில் இருந்திருந்தால் அது எனக்குக் கேட்டிருக்காது. ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காகத் தளையசிங்கம் 1971-இல் அந்தத் தீவில் போராடிக் காவல்துறையினரிடம் அடிபட்டார், 1973-இல் மறைந்தார். கோடையில் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, உப்புக் கரிக்கும் தீவில் ஒரு நல்ல கிணறு என்றால் என்ன, அதில் யாருடைய வாளி இறங்கலாம் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போரில் மக்கள் வெளியேறியபின் வெறிச்சோடிய ஊரைப் பற்றி வில்வரத்தினம் எழுதிய கவிதைகளை அதே வாரத்தில் படித்தேன். அந்தக் கிணற்றை நினைக்காமல் அவற்றைப் படிக்க முடியவில்லை.

வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்சில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தியை வேலணைத் தட்டில் வைத்தது சரியா என்று நூலகரிடம் கேட்டேன். "அவர் எங்கே இருந்தால் என்ன ஐயா, கதை எங்கே திரும்பிப் போகிறது என்று பாருங்கள்" என்றார். முழுவதும் ஒப்ப முடியவில்லை. புலம்பெயர்ந்த வாழ்வுக்கும் ஒரு தட்டு வேண்டும் என்பதே என் கருத்து.

குறைகளும் உண்டு. பல நூல்கள் ஒளிநகல் எடுத்துத் தைத்தவை. எழுத்து மங்கிய பக்கங்களை ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஒரு நூலுக்குப் பத்து நாள் கெடு. கவிதைக்கு இது போதாது, தாமதக் கட்டணத்திலும் சலுகை கிடையாது. சொல்விளக்கம் எதிலும் இல்லை. ஆனால் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் ஒரு வாசகர், ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதி வைத்திருக்கிறார். கிணற்றில் நீர் இறைக்க நம் பக்கத்தில் ஏற்றம் என்பது அங்கே துலா, இளம்பனை அங்கே வடலி என்பதையெல்லாம் நான் அறிந்தது அந்தக் கையெழுத்தால்தான். நூலில் கிறுக்கக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தாலும், அந்தக் குறிப்புகளை மட்டும் நூலகர் அழிப்பதில்லை.

நெடுந்தீவுத் தட்டு இன்னும் பாக்கி. முன்பதிவு ஏட்டில் எனக்கு முன்னால் மூன்று பெயர்கள் இருக்கின்றன.