இரட்டைக் கேமராவா, சோனாரா? வலை வீசாமல் மீன் எடை காண

குடியாத்தம், காட்பாடிப் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள் வீச்சு வலையில் சில மீன்களைப் பிடித்து எடைபோட்டு, மொத்த எடையைக் கணக்கிட்டுத் தீவனம் அளக்கிறார்கள். வலைபட்ட மீன் செதில் உதிர்ந்து மிரளும். தீவனத்தையும் சரியாக எடுக்காது. தொடாமல் அளக்க இரண்டு வழிகள் உண்டு.

இரட்டைக் கேமரா, நம் இரு கண்களைப் போலத் தூரத்தைக் கணித்து மீனின் நீளத்தைத் தருகிறது. எடை ஏறத்தாழ நீளத்தின் கனத்தை (நீளம் × நீளம் × நீளம்) ஒட்டி ஏறுவதால், நீளத்தில் 5 சதவீதம் கூடுதலாகக் கணித்தால் எடையில் சுமார் 16 சதவீதம் பிசகும். நார்வேயில் சால்மன் மீன் வளர்க்கும் கடல் கூண்டுகளில் தண்ணீர் தெளிவு. அங்கே இது எடுபடுகிறது. சாணம் கரைத்துப் பச்சை பிடித்த நம் குட்டையிலோ முழங்கை ஆழத்தில் நம் கையே தெரியாது! போதாக்குறைக்கு, கட்லா மேல்மட்டத்திலும் மிர்கால் அடியிலும் மேயும். ஒரே ஆழத்தில் தொங்கும் கேமரா ஓரவஞ்சனைதான் செய்யும்.

நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு அளக்கும் சோனாருக்குக் கலங்கல் ஒரு பொருட்டில்லை. ஒலி பெரும்பாலும் மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்புகிறது. எந்த இனம் என்பதை எதிரொலியில் பிரித்தறிவது கடினம். ஆழமில்லாத குட்டையில் சேற்றடியும் நீர்ப்பரப்பும் எதிரொலித்துக் குழப்பும். காற்றூட்டியின் குமிழிகளும் மீன்போலத் தெரியும்.

ஆழமான நீர்த்தேக்கத்தில் கூண்டு கட்டினால் நான் சோனாரைத்தான் எடுப்பேன். குட்டைக்கு இரண்டும் கட்டுப்படியாகாது. விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை ஒழுங்காக எழுதிவைத்து, மாதம் ஒருமுறை வெயில் ஏறுமுன் வலை வீசிக்கொள்ளலாம்.